பங்குக் கிணறும் அணுத்துணிக்கைக் கற்றையும்

பங்குக் கிணற்றின் நீதியை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நன்கறிவர். கிணறு ஒன்று, பங்காளிகள் பலர். இன்று ஒருவர் இறைப்பு முறை, நாளை மற்றவர் முறை. முறை தவறின் பயிர் வாடும், உறவும் வாடும்.

விஞ்ஞான உலகிலும் இத்தகைய கிணறுகள் உண்டு. புதுடில்லியில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆர்முடுக்கி மையம் என இன்று வழங்கும் நிலையம் 1984ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அயன்களைப் பெருவேகத்திற் செலுத்தும் இயந்திரம் ஒன்று அங்கே உண்டு. 15 மில்லியன் உவோற்று மின்னழுத்தத்துக்கென அமைக்கப்பட்டது அது. இத்தகைய இயந்திரத்தைத் தாமே அமைக்க இயலாத பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் அங்கு சென்று ஆய்வு நடத்துகின்றனர்.

ஒருவருக்குக் காபன் அயன் வேண்டும். மற்றவருக்குப் பொன் அயன் வேண்டும். கற்றையோ ஒரு வேளையில் ஒரு வழியிலேயே செல்லும். இடையிடையே இயந்திரத்தைச் செப்பனிடவும் நாட்கள் வேண்டும். ஆகவே, அறிஞர் குழுவொன்று விண்ணப்பங்களை ஆராய்ந்து, தகுதி நோக்கி நேரத்தைப் பங்கிடுகின்றது.

ஜெனீவாவுக்கு அருகே, 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையத்தின் கதை சற்று வேறு. அங்கே நான்கு பெரும் பரிசோதனைகள் ஒரே கற்றைகளைப் பகிர்ந்துகொள்ளும். இரண்டு, மோதல்கள் மிக வேண்டுமென்னும். ஏனைய இரண்டும் அளவோடு போதுமென்னும். அளவோடு கேட்பவற்றின் இடத்தில் கற்றைகளைச் சற்றே விலக்கி மோதவிடுகின்றனர். இவ்வாறு ஒன்றின் தேவை மற்றொன்றைக் கெடுப்பதில்லை.

கிடைத்த வேளை கைநழுவின், இளம் ஆய்வாளர் ஒருவரின் பட்டமே பிந்திப் போகலாம். இயந்திரத்தை அமைப்பது அறிவு. அதனை முறையாகப் பங்கிடுவது அறம். மாணவர்கள் இரண்டையும் கற்றல் வேண்டும்.