மண்பாதையில் மலைமிதிவண்டி: புதியவரின் உடல் காக்கும் முறை

வண்டியும் வழியும்

மலைமிதிவண்டி எனப்படும் மவுண்டன் பைக், 1970களில் கலிஃபோர்னியாவின் டமால்பாய்ஸ் மலைச்சரிவுகளில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை ஓட்டி இறங்கியவர்களிடமிருந்து உருவெடுத்தது. இன்றைய தொடக்கநிலை வண்டியில் அகன்ற டயர்களும், அதிர்வை வாங்கிக்கொள்ளும் முன்பக்க ஃபோர்க்கும், ஏற்றத்திற்கேற்ற இலகுவான கியர்களும் அமைந்திருக்கும். இதே விலையில் பின்பக்க ஸ்பிரிங்கையும் சேர்த்து விற்கப்படும் வண்டிகள் எடை கூடியவை, இணைப்புகள் விரைவில் தளர்பவை என்பதால் புதியவர் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

1734ஆம் ஆண்டில் நெசவாளர் குடியிருப்பாகத் தோன்றி, கூவம் வளைத்துச் செல்லும் நிலத்தில் நெருங்கி வளர்ந்த சென்னையின் சிந்தாதிரிப்பேட்டையில் மண்பாதைக்கு இடமில்லை. ஆகவே இங்கு வாழ்பவர், ஏரிகள் மாவட்டம் என்று பெயர் பெற்ற செங்கல்பட்டுப் பக்கத்தில், பொதுமக்கள் செல்லத் தடையில்லாத ஏரிக்கரைகளையும் செம்மண் வண்டித்தடங்களையும் நாட வேண்டியிருக்கும். நன்மங்கலம் அதைவிட அருகில் இருந்தாலும் அது காப்புக்காடு. வனத்துறையின் அனுமதியின்றி அங்கு வண்டியை இறக்கலாகாது.

உடலே அதிர்வுதாங்கி

தார்ச்சாலையில் சீட்டில் அமர்ந்தே ஓட்டிப் பழகியவர் மண்பாதையிலும் அவ்வாறே அமர்ந்திருந்தால், ஒவ்வொரு மேடும் இடுப்பு முள்ளெலும்புகளை நேராகத் தாக்கும். மேடுபள்ளம் வருமிடத்தில் இரு பெடல்களையும் சம உயரத்தில் நிறுத்தி, சீட்டிலிருந்து சற்றே எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் மடக்கி, பார்வையைச் சக்கரத்தின்மேல் வைக்காமல் பாதையின் முன்னே செலுத்துவதே சரியான நிலையாகும்.

குதிகாலைப் பெடலில் வைத்து அது அடிமட்டத்திற்கு வரும்போது கால் நேராகும்படி சீட்டின் உயரத்தை அமைத்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் சில்லின் பின்புறம் அழுத்தம் கூடி வலி தோன்றும். எனினும் இறக்கங்களில் மட்டும் சீட்டை இரண்டு அங்குலம் தாழ்த்திக்கொள்வது, பின்னே சாய்ந்து சமநிலை காக்க உதவும்.

மணிக்கட்டில் மறையும் முறிவு

புதியவர் விழும் விதங்களில் மிகுந்த கவனத்திற்குரியது, கையை ஊன்றி விழுவது. அப்போது கட்டைவிரலின் அடியில் உள்ள படகெலும்பு (ஸ்கேஃபாய்டு) முறியக்கூடும். இவ்வெலும்பிற்கு இரத்தம் பெரும்பாலும் விரல்பக்க முனையிலிருந்தே செல்வதால், நடுவில் முறிந்தால் மறுபாதி இரத்தமின்றி நலியக்கூடும். வீக்கம் சிறிதாகவே இருப்பதால் பலர் அதைச் சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்துக் காலம் கடத்துகின்றனர். முதல் எக்ஸ்ரேயிலும் முறிவு புலப்படாமல் போவதுண்டு. கட்டைவிரலை விறைப்பாக நீட்டும்போது அதன் அடியில் தோன்றும் சிறு பள்ளத்தை அழுத்தினால் வலித்தால், எக்ஸ்ரே எவ்வாறிருப்பினும் மணிக்கட்டை அசையாமல் கட்டி, பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள் மீண்டும் எலும்பு மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது.

விழாதவருக்கும் ஒரு தொல்லை உண்டு. ஹேண்டில்பாரை இறுகப் பற்றி உள்ளங்கையின் ஓரத்தில் எடையைச் சாய்த்தால், அங்கே செல்லும் அல்னார் நரம்பு நசுங்கிச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். டயரில் காற்றை, அதன் பக்கவாட்டில் அச்சிட்ட வரம்பின் கீழெல்லையை ஒட்டி வைத்தால் கைக்கு வரும் அதிர்வு கணிசமாகக் குறையும். அதற்கும் கீழே இறக்கினால் டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

மண்ணும் மழையும் வெயிலும்

ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணில் நெடுங்காலம் உயிர்த்திருப்பதால், சிராய்ப்பையும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். மண் படிந்த காயமாயின், கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்தாண்டுகள் கடந்தவர் மறுதவணை பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கிய நீரின் வழியே எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதோடு, ஈரக்கரையில் பதியும் சக்கரத்தடங்கள் கரையையும் அரிக்கும்.

சென்னையின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராததால் உடற்சூடு தணியாது. எனவே அக்னி நட்சத்திர நாள்களில் மண்பாதைப் பயிற்சியை அறவே நிறுத்தலாம். மழை ஓய்ந்து மண் இறுகிய ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், காலை எட்டு மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ளும்படி, ஹெல்மெட்டும் கையுறையும் ஒரு லிட்டருக்குக் குறையாத குடிநீருமாக, துணைக்கு ஒருவருடன் புறப்படுவது புதியவருக்கு ஏற்ற தொடக்கமாகும்.