இரு கரைகளுக்கு ஒரு நகரம்

மட்டக்களப்பு என்றவுடன் பாடும் மீன்களே பலருடைய நினைவுக்கு வரும். கல்லடிப் பாலத்தினருகே நிலாக்கால இரவுகளிற் கேட்கும் அவ்வின்னொலிக்கு, காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலில் இடமளித்துள்ளார். ஆயினும் இந்நகருக்கு வாழ்வளித்தது மீனிசையன்று, வாவியே.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி நாட்டை இரண்டாக வகுக்கின்றது. கதிரவன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. அவன் படும் மேற்குப்பக்கம் படுவான்கரை. முன்னது தென்னையும் மீன்பிடியும் நெருங்கிய குடியிருப்பும் கொண்ட ஒடுங்கிய மணல்நிலம். பின்னது வயலும் மேய்ச்சற் றரையுமாகப் பரந்தது. நெல்லும் தயிரும் அங்கிருந்து வரவேண்டும். கல்விக்கும் மருத்துவத்துக்கும் அங்குள்ளோர் நகருக்கு வரவேண்டும்.

நகரின் நடுவாகிய புளியந்தீவு உண்மையிலேயே ஒரு சிறு தீவு. போர்த்துக்கேயர் 1628இல் அங்குக் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இற் கைப்பற்றினர். பிற்காலத்தில் கச்சேரியும் நெடுங்காலம் அக்கோட்டைக்குள்ளேயே இயங்கிற்று. மெதடிஸ்த பாடசாலை 1814இலும் புகையிரதம் 1928இலும் வந்தன.

வாவியைக் கடப்பதுதான் என்றும் தீராத கவலை. இப்பகுதியிற் 'பாதை' என்பது தரைவழியைக் குறிப்பதன்று. ஆளையும் வண்டியையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கே அப்பெயர். கல்லடியில் 1924இல் இரும்புப் பாலமும், அதனருகே 2013இற் புதிய பாலமும் அமைந்தன. மண்முனைக்குப் பாலம் வந்ததோ 2014இலேதான். அதுவரை கொக்கட்டிச்சோலையிலிருந்து நோயாளி ஒருவரை நகருக்குக் கொண்டுவருவோர் துறையிற் பாதைக்குக் காத்திருக்கவேண்டும். அன்றேல் வலையிறவு வழியாகச் சுற்றிவரவேண்டும். போர்க்காலத்தில், 2007 வரை, இரு கரைகளும் வெவ்வேறு தரப்பினரின் ஆதிக்கத்திலிருந்தமையால் சோதனைச் சாவடிகளும் இடையே நின்றன.

கடலும் தன் பங்குக்குத் துன்பந் தந்ததுண்டு. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி தென்னைகளைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நாவலடியைச் சிதைத்தது.

இவற்றைவிட அமைதியானதொரு சிக்கல் மாரிதோறும் எழுகின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடையே முகத்துவாரத்தில் மணற்றிட்டு அடைத்துக்கொள்ளும். பெருக்கெடுத்த வெள்ளம் வயல்களை மூடும்போது அத்திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். 'ஆற்றுவாய் வெட்டுதல்' என்பது அதற்குரிய பெயர். வெட்டப் பிந்தினாற் படுவான்கரையில் வேளாண்மை அழுகும்; முந்தினால் நீரோடு மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடுமென்று வாவி மீனவர் அஞ்சுவர். மழை கனத்தவுடன் இரு சாராரும் முறையிட வருவது நகரிலுள்ள அதே கச்சேரிக்குத்தான்.