அம்மாவுக்கு ஒரு வகுப்பு
இணையப் பாதுகாப்பைப் பெற்றோருக்குக் கற்றுத்தரக் கேரளம் தேர்ந்தெடுத்த ஆசிரியர்கள், பள்ளிப் பிள்ளைகள்

பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள் தாய்மார்கள். எதிரே நின்று பாடம் நடத்தியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். 2022 மே மாதம் கேரளத்து உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கிய இந்தத் தலைகீழ் வகுப்புக்குப் பெயர் 'அம்மா அறியான்'. தமிழ்க் காதுக்கு அறியாமையைச் சொல்வது போல ஒலித்தாலும், மலையாளத்தில் பொருள் நேர் எதிர்: அம்மா அறிந்துகொள்வதற்காக. மக்களிடம் வசூலித்த காசில் ஜான் ஆபிரகாம் 1986இல் எடுத்த படத்தின் பெயரும் இதுதான்.

அப்படி ஒரு வகுப்புக்குத் தேவை வந்தது கொரோனாவால். 2020 ஜூன் 1 அன்று கேரளத்தின் வகுப்பறைகள் விக்டர்ஸ் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் இடம்பெயர்ந்தன. அதுவரை "போனைத் தொடாதே" என்று அதட்டிய பெற்றோரே, கடன் வாங்கியாவது பிள்ளை கையில் ஸ்மார்ட்போனைக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு பள்ளிகள் திறந்தன. போன் மட்டும் பெற்றோர் கைக்கு முழுதாகத் திரும்பவில்லை. பிள்ளைகளுக்குக் கருவி பழகிவிட்டது. அதன் ஆபத்துகள் பெற்றோருக்குப் பழகவில்லை.

மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான 'கைட்', இதற்கு வெளியே ஆள் தேடவில்லை. 2018இல் தொடங்கி சுமார் 2,000 பள்ளிகளில் இயங்கிவந்த 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களையே களமிறக்கியது. அணிக்கு 30 பேர். அரை மணி நேரப் பாடங்கள் ஐந்து. முதல் கட்ட இலக்கு 3 லட்சம் தாய்மார்கள். ஸ்மார்ட்போனும் இணையமும், கடவுச்சொல், ஓடிபி, பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது, பண மோசடி என்று போகிறது பாடத்திட்டம்.

இவை சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் யுபிஐ வழியே பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை என்ற ஒரு தகவல் போதும், "பரிசு அனுப்புகிறோம், பின் நம்பரைப் போடுங்கள்" என்பவனிடமிருந்து சீட்டுப் பணத்தைக் காப்பாற்ற.

கடினமான பாடம் வேறு. விளையாட்டுச் செயலியில் அறிமுகமாகும் 'நண்பன்' முதலில் நன்றாகப் பேசுகிறான். பிறகு படம் கேட்கிறான். படம் கிடைத்ததும் மிரட்டுகிறான். அவனுடைய மூலதனம் அந்தப் படம் மட்டுமல்ல. அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பிள்ளையின் பயமும்தான். அடி விழும், போன் பறிபோகும், படிப்பு நிற்கும் என்று நம்பும் பிள்ளை வாய் திறக்காது. கடைசியாக விஷயம் தெரிய வருவது பெற்றோருக்கே. கண்டிப்பான வீடுதான் பாதுகாப்பான வீடு என்ற கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது.

விஷயம் தெரிந்தபின் செய்ய வேண்டியவை சில. மிரட்டுபவனுக்குப் பணம் தரக் கூடாது. கொடுத்தால் மேலும் கேட்பான். கோபத்தில் உரையாடலை அழிக்கக் கூடாது; அதுதான் சாட்சி. படத்தை ஆலோசனைக்காகக்கூட யாருக்கும் அனுப்பக் கூடாது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பதியலாம். பணம் போயிருந்தால் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பெண் பிள்ளைக்கு மட்டுமல்ல, 18 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைக்கும் பொருந்தும். இது பல வீடுகளில் தெரியாத சேதி.

சட்டம் பெற்றோர் மீது மேலும் நம்பிக்கை வைக்கிறது. 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் அம்மாவின் போனில், அம்மா பெயரிலான கணக்கில் விளையாடும் பத்து வயதுப் பையன், செயலியின் கண்ணுக்கு நாற்பது வயதுப் பெண்மணி. பூட்டுப் போடத் தெரியாத அம்மாவுக்குப் பூட்டை அமைத்துக் கொடுப்பவனும் அவன்தான். சாவியும் அவனிடமே.

கேரளத்தின் திட்டத்திலும் ஓட்டை உண்டு. இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் வந்துவிடாது. மோசடிக்காரர்கள் மாதம் ஒரு புதுத் தந்திரம் கண்டுபிடிக்கிறார்கள். வகுப்புக்கு அழைக்கப்பட்டவர்கள் அம்மாக்கள். பல வீடுகளில் போனை வாங்கித் தருபவரும், தவறு நடந்தால் முதலில் கை ஓங்குபவரும் அப்பா. 'அச்சன் அறியான்' என்று ஒரு வகுப்புக்கும் தேவை இருக்கிறது.

ஆனாலும் அந்தப் பெஞ்சுகளில் ஒன்று நடந்தது. தனக்குத் தெரியாது என்பதைத் தாய்மார்கள் பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொண்டு கேட்டார்கள். அதே அம்மாவிடம், "ஒரு தப்புப் பண்ணிவிட்டேன்" என்று ஒரு பிள்ளை ஒருநாள் வந்து நிற்கலாம். அப்போது அம்மா முதலில் நீட்டும் கை போனைப் பிடுங்குவதற்கா, பிள்ளையைப் பிடித்துக்கொள்வதற்கா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.