வீட்டுக் கூரையில் டிவி ஏரியல்: ஏணியை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

"டிவி வரல, கொஞ்சம் வந்து பாரு." தாத்தா பாட்டி வீட்டிலிருந்து இப்படி ஓர் அழைப்பு வந்திருக்கிறதா? போனதும் நாம் முதலில் ரிமோட்டைத் தட்டிப் பார்ப்போம். அப்புறம் டிகோடரை அணைத்துப் போடுவோம். ஆனால் பல வீடுகளில் பிரச்சினை டிவியில் இல்லை, கூரைக்கு மேலே இருக்கிறது.

மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 ஜூலை 21ஆம் தேதி லங்காவியில் முதலில் நிறுத்தப்பட்டது. அக்டோபர் 31ஆம் தேதியோடு நாடு முழுவதும் நின்றுபோனது. அதன் பிறகு டிவி1, டிவி2, டிவி3 போன்ற இலவச அலைவரிசைகள் எல்லாம் டிஜிட்டல் வழிதான் வருகின்றன. மாதக் கட்டணம் கிடையாது, இன்டர்நெட்டும் தேவையில்லை. வைஃபை இல்லாத தோட்டப்புற வீட்டில் டிவி2 தமிழ்ச் செய்தி பார்க்க ஒரு நல்ல ஏரியல் இருந்தாலே போதும். அதைச் சரியாக, அதைவிட முக்கியமாகப் பத்திரமாக, பொருத்துவது எப்படி?

முன்பு 'மழை' தெரியும், இப்போது ஒன்றுமே தெரியாது

அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனாலும் படம் ஓடும், செய்தி கேட்கும். டிஜிட்டல் அப்படி இல்லை. சிக்னல் போதுமான அளவு இருக்கும் வரை படம் பளிச்சென்று இருக்கும். அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் திரையே கறுப்பாகிவிடும்.

"காலையில நல்லாத்தான் இருந்துச்சு, மழை வந்ததும் போயிடுச்சு" என்று பாட்டி சொன்னால், சிக்னல் அந்த விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். டிகோடரை மாற்றுவதால் அது சரியாகாது. ஏரியலின் உயரத்தையும் திசையையும் கேபிளையும்தான் பார்க்க வேண்டும்.

பழைய ஏரியல் போதுமா?

நம் டிஜிட்டல் ஒளிபரப்பு யூஎச்எஃப் அலைகளில், 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வருகிறது. அந்த அலைகளின் நீளம் சுமார் 43 முதல் 64 சென்டிமீட்டர். ஏரியலின் கம்பிகள் அதில் பாதி நீளம் இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் யூஎச்எஃப் ஏரியலின் கம்பிகள் ஏறக்குறைய ஓர் அடி அளவில் இருக்கின்றன.

கூரையில் ஏற்கெனவே அப்படிப்பட்ட மீன்முள் வடிவ ஏரியல் இருந்தால், துருப்பிடிக்காமலும் கம்பிகள் உடையாமலும் இருக்கும் வரை அதையே பயன்படுத்தலாம். 'டிஜிட்டல் ஏரியல்' என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதற்காகப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஏரியலுக்கு டிஜிட்டல், அனலாக் என்ற வித்தியாசம் தெரியாது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமான கம்பிகளைக் கொண்ட பழைய விஎச்எஃப் ஏரியல் மட்டும் இருந்தால்தான் மாற்ற வேண்டும்.

சுவரில் இருக்கும் பழைய சாட்டிலைட் தட்டு இதற்கு உதவாது. அது வானத்தில் உள்ள செயற்கைக்கோளைப் பார்க்கிறது. இலவச ஒளிபரப்போ தரையில் உள்ள கோபுரத்திலிருந்து வருகிறது.

டிவியையும் ஒருமுறை சரிபாருங்கள். டிவிபி-டி2 என்ற வசதி அதற்குள்ளேயே இருந்தால் டிகோடர் வேண்டாம், ஏரியல் கேபிளை நேராக டிவியில் சொருகலாம்.

எந்தப் பக்கம் திருப்புவது?

குனோங் உலு காலி, கோலாலம்பூர் கோபுரம், குனோங் லேடாங், குனோங் ஜெராய் போன்ற உயரமான இடங்களிலிருந்து ஒளிபரப்பு வருகிறது. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று தெரிந்துகொண்டு, கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் திசை கிடைத்துவிடும். அதைவிடச் சுலபமான வழி, அக்கம்பக்கத்து வீட்டுக் கூரைகளைப் பார்ப்பது. நன்றாகப் படம் வரும் வீட்டின் ஏரியல் எந்தத் திசையில் இருக்கிறது, அதன் கம்பிகள் படுக்கையாக இருக்கின்றனவா நேராக நிற்கின்றனவா என்று கவனித்து, அதேபோல் வையுங்கள்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஏரியலை முன்பின்னாக மாட்டிவிடுவார்கள். சிறிய கம்பிகள் வரிசையாக இருக்கும் முனைதான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். வலை மாதிரியோ பெரிய கம்பியோ இருக்கும் பக்கம் பின்புறம்.

ஏரியலை இறுக்கும் முன் டிகோடரில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வையுங்கள். அங்கே வலிமை, தரம் என்று 2 அளவுகள் இருக்கும். வலிமை நிறைய இருந்தும் தரம் குறைவாக இருந்தால் படம் உடையும். ஆகவே தரத்தைப் பாருங்கள். ஒருவர் ஏரியலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, இன்னொருவர் கீழே டிவி முன் உட்கார்ந்து ஃபோனில் சொல்லலாம். ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் சில வினாடி காத்திருங்கள், டிகோடர் உடனே காட்டாது. கடைசியில் அலைவரிசைகளை மறுபடியும் தேட விடுங்கள்.

கேபிளில்தான் பாதிப் பிரச்சினை

வெளிப்புறத்துக்கு ஆர்ஜி-6 கேபிள் நல்லது. இணைப்பு இடத்தில் தண்ணீர் புகுந்தால் சில மாதங்களிலேயே சிக்னல் கெட்டுவிடும். இணைப்பை நீர்புகாத டேப்பால் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு சிறு வளைவு விட்டால், மழைநீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

ஒரு ஏரியலை 2 டிவிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவான சிக்னல்தான் போகும். அதற்காக உடனே பூஸ்டர் வாங்கிவிடாதீர்கள். பூஸ்டர் நல்ல சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும். கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் பூஸ்டர் போட்டால், சிக்னல் அளவுக்கு மீறிப் படமே வராமல் போகலாம். இன்னொன்று, 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி இப்போது 5ஜிக்குப் பயன்படுகிறது. பழைய பூஸ்டர் அதையும் சேர்த்து இழுத்துக் குழப்பும். அந்த அலைகளைத் தடுக்கும் வடிகட்டி உள்ள பூஸ்டராகப் பார்த்து வாங்குங்கள்.

படம் வராவிட்டால் பரவாயில்லை, உயிர் முக்கியம்

ஏரியல் கம்பமும் அலுமினிய ஏணியும் மின்சாரத்தைக் கடத்தும். வீட்டுக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று முதலில் மேலே பாருங்கள். கம்பம் கை நழுவி விழுந்தால் அந்தக் கம்பியைத் தொடும் வாய்ப்பு இருந்தால், அந்த இடம் வேண்டவே வேண்டாம்.

நம் ஊரில் பிற்பகல் இடிமழைக்கு நேரம் பார்க்க முடியாது. காலையிலேயே வேலையை முடியுங்கள். தூரத்தில் இடிச் சத்தம் கேட்டாலே இறங்கிவிடுங்கள். ஈரமான ஓட்டிலும் பாசி பிடித்த கூரையிலும் ஏறாதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை மிதித்தால் உடையும். ஏணியை 4 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர் தள்ளிச் சாய்த்து வையுங்கள். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாக ஏறவே கூடாது.

உலோகக் கம்பத்துக்கு எர்த் கொடுக்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். எர்த் இருந்தாலும் நேரடி மின்னலைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். வானம் இருட்டும்போதே ஏரியல் கேபிளையும் டிவி பிளக்கையும் கழற்றிவிடுமாறு தாத்தா பாட்டிக்குச் சொல்லிவையுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொட வேண்டாம்.

அடுக்குமாடி வீடாக இருந்தால் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். கோபுரம் அருகில் இருந்தால், ஜன்னலோரம் வைக்கும் சிறிய உள்ளறை ஏரியலே போதுமாக இருக்கலாம். முதலில் அதை முயன்று பாருங்கள். மாடி வீட்டுக் கூரைக்கு ஏற வேண்டியிருந்தால் ஆள் கூப்பிட்டுச் செய்வதே நல்லது. அதற்காகச் செலவாகும் பணம் வீணில்லை.

அடுத்த முறை "டிவி வரல" என்று ஃபோன் வந்தால் கூரைக்கு ஓடாதீர்கள். டிவிக்குப் பின்னால் கேபிள் கழன்றிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். போன வாரம் வீட்டைக் கூட்டும்போது யாராவது இழுத்திருக்கலாம்.