டியூப்லைட் வெளிச்சத்தில் படமெடுக்க எந்த லென்ஸ்?

குஷாய்குடாவில் ஒற்றை அறைப் போர்ஷன் ஒன்றில் தொட்டிலிடும் விழா. சுவரில் ஒரே ஒரு டியூப்லைட். ஊரிலிருக்கும் பாட்டிக்கு அனுப்புவதற்காகப் பேரனைப் படமெடுக்கிறார் தகப்பனார். பிள்ளை தலையை ஆட்டுகிறது. படத்தில் முகம் கலங்கிப் போகிறது. பிளாஷ் போட்டாலோ முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து, பின்சுவரில் கரிய நிழல் விழுகிறது. பிள்ளையும் வீறிடுகிறது. அடுத்த போனசில் புதுக் காமிரா வாங்கிவிட வேண்டியதுதான் என்று கணக்குப் போடத் தொடங்குகிறார் அவர்.

அவசரம் வேண்டாம். குறை பெரும்பாலும் காமிராவில் இல்லை. அதன் முன்னே மாட்டியிருக்கும் லென்ஸில் இருக்கிறது.

காமிராவோடு சேர்த்துத் தரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸில் 'எப் 3.5-5.6' என்று பொறித்திருக்கும். லென்ஸின் வாய் எவ்வளவு அகலத் திறக்கும் என்பதற்கான அளவு அது. எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். ஜூமை 50 மி.மீ.க்கு இழுத்தால் திறப்பு 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். ஜூம் இல்லாத 50 மி.மீ. 'எப் 1.8' லென்ஸோ அதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அங்கே வினாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் தேவையென்றால், இங்கே அறுபதில் ஒரு பங்கு போதும்.

கானன், நிகான் இரண்டிலுமே விலை குறைந்த லென்ஸ்களின் வரிசையில்தான் இதுவும் இருக்கிறது. இன்னும் அகலமான 'எப் 1.4' வாங்கினால் வெளிச்சம் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுமே தவிர, கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு அது ஈடாகாது. மெழுகுவர்த்தி ஒளியிலேயே காட்சிகள் எடுக்க, 1975ல் வெளிவந்த 'பாரி லிண்டன்' படத்துக்கு ஸ்டான்லி குப்ரிக் 'எப் 0.7' லென்ஸைத் தேடிப் பிடித்தார். தொட்டில் விழாவுக்கு அவ்வளவு தேவையில்லை!

வாங்கும்போது கவனம்

நிகானில் பழைய 'டி' வகை 50 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். அதற்குள் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசைக் காமிராக்களிலும் அந்த மோட்டார் இல்லாததால் தானியங்கி போகஸ் வேலை செய்யாது. 'ஏ.எப்.-எஸ்' என்ற எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று, அறையின் அளவு. விலை குறைந்த காமிராக்களில் 50 மி.மீ. லென்ஸ், பழைய பிலிம் காமிராவின் 75 அல்லது 80 மி.மீ. போலத்தான் காட்டும். பத்தடி அறையில் முதுகு சுவரில் முட்டினாலும் குடும்பம் முழுவதும் படத்துக்குள் வராது. கல்யாண மண்டப மேடைக்கு 50 சரி. வீட்டுக்கு 35 மி.மீ. நல்லது. நிகான் 2009ல் இதற்கென்றே 35 மி.மீ. 'எப் 1.8' லென்ஸை வெளியிட்டது.

பழைய லென்ஸானால் பின்புறம் டார்ச் அடித்துப் பார்க்கவும். நாலைந்து தூசி கிடந்தால் பாதகமில்லை. சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.

எடுக்கும்போது

முழுத் திறப்பில், ஒரு மீட்டர் தூரத்தில், தெளிவு இரண்டு விரல் கனத்துக்குத்தான் இருக்கும். மூக்கில் போகஸ் வைத்தால் கண் மங்கும். கண்ணிலேயே வைக்க வேண்டும். தாயும் பிள்ளையும் சேர்ந்திருந்தால் 2.8 அல்லது 4க்கு மாற்றிக்கொள்ளலாம்.

நம் மின்சாரம் 50 சைக்கிள் ஆதலால், பழைய சோக் வைத்த டியூப்லைட் வினாடிக்கு நூறு தடவை மங்கி எரிகிறது. 250ல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் படத்துக்குப் படம் நிறம் மாறும்; நூறில் ஒரு பங்கே உத்தமம். அதற்கு வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றலாம். கொஞ்சம் புள்ளி விழும். புள்ளி விழுந்த படத்தைப் பாட்டி சட்டம் போட்டு மாட்டுவாள். கலங்கிய படத்தை மாட்டமாட்டாள்.