பாய்ப்படகுக்கு மின்சாரம் தருவது எது?

இலண்டன் கோபுரப் பாலத்தின் அருகே சென்ற் கதறின் துறை அமைந்துள்ளது. கோடை விடுமுறை நாளொன்றில் எமது மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். கட்டி நின்ற பாய்ப்படகுகளிலிருந்து தடித்த மின்கம்பிகள் கரையிலுள்ள மின்தூண்களுக்கு ஓடியிருந்தன. அவற்றைக் கண்ட சிறுவன் ஒருவன், “கடலுக்குப் போகும்போது இந்தக் கம்பியை யார் பிடித்துக்கொண்டு போவார்கள்?” என்று கேட்டான். உடன் வந்த பெற்றோர் சிரித்தனர். ஆயினும் தொலைதூரக் கடற்பயணத்துக்குப் படகை ஆயத்தம் செய்யும் எவரும் அவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே கரையை விட்டு நீங்க முடியும்.

எம் முன்னோரை இவ்வினா வருத்தவில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றைப் பெற்றோருட் பலர் அறிவர். அக்காலத்து மாலுமிக்குக் காற்றும் விண்மீனும் திசையறி கருவியும் எண்ணெய் விளக்குமே உற்ற துணைகள்.

அதற்கு முப்பது ஆண்டுகளின் பின்னர், பம்பாயிலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட சுஹைலி என்னும் 32 அடிப் படகில், றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் என்ற ஆங்கிலேயர் தன்னந்தனியராக, எங்கும் தங்காது உலகைச் சுற்றிவந்தார். 1968 யூன் 14இல் இங்கிலாந்தின் பல்மத் துறையிலிருந்து புறப்பட்டு 312 நாட்களின் பின் அங்கேயே திரும்பினார். அவரது சுக்கானைத் திருப்பியது மின்சாரமன்று. காற்றின் திசையறிந்து அசையும் ஒரு பொறி. அதுவும் இடைவழியில் உடைந்துபோயிற்று. மின்கலங்களைச் சோதித்தபோது அமிலம் கண்ணிலே தெறித்தது. வானொலி அனுப்பி பழுதாயிற்று. 1968 நவம்பரில் நியூசிலாந்துக் கரையருகே காணப்பட்டவரைப் பற்றி 1969 ஏப்பிரல் வரை உலகுக்கு யாதொரு செய்தியும் கிடைக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று எண்ணியோரும் உளர்.

இன்று அத்தகைய மௌனத்தை எந்தக் குடும்பமும் தாங்காது. கப்பல்கள் நெருங்கிச் செல்லும் டோவர் நீரிணையில் நள்ளிரவில் மின்கலம் வற்றிப் பாய்மர உச்சியின் விளக்கு அணைந்தால், மலைபோல் வரும் சரக்குக் கப்பலின் கண்ணுக்குச் சிறுபடகு தென்படாமற் போகலாம். ஆகவே மின்சாரம் இங்கே வசதிப் பொருள் மட்டுமன்று.

மின்சாரத்தை எவ்வாறு ஆக்குவது என்று கேட்குமுன், எவ்வளவு தேவை என்று கணக்கிடல் வேண்டும். 12 வோல்ற்றில் இயங்கும், ஏறக்குறைய 12 மீற்றர் நீளமான படகொன்றை எடுத்துக்கொள்வோம். குளிர்சாதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு 50 அம்பியர்-மணி. தானியங்கிச் சுக்கானுக்கு 60. வழிகாட்டும் கருவிகளுக்கும் வானொலிக்கும் 35. விளக்கு, நீரிறைக்கும் பம்பி முதலியவற்றுக்கு 15. மொத்தம் 160 அம்பியர்-மணி, அதாவது ஏறத்தாழ 1,900 வாற்று-மணி. வீட்டிலே தேநீருக்கு நீர் சுடவைக்கும் 3,000 வாற்றுக் கேத்தில் நாற்பது நிமிடம் தொடர்ந்து இயங்கினால் இவ்வளவும் தீர்ந்துவிடும்! ஈயமில மின்கலத்தின் கொள்ளளவிற் பாதிக்கு மேல் நாளாந்தம் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எனவே ஒருநாட் தேவைக்கே 320 அம்பியர்-மணி மின்கலங்கள் வேண்டும். இலிதியம் மின்கலம் இதனினும் ஆழமாக வற்றுதலைத் தாங்கும், விலைதான் கூட.

சிக்கனமே முதலாவது மின்நிலையம் என்போம். 25 வாற்றுப் பழைய குமிழ் பத்து மணி நேர இரவுக்கு 250 வாற்று-மணி உண்ணும். அவ்வேலையை ஒளியுமிழ் இருவாயி விளக்கு முப்பதில் முடித்துவிடும்.

இனி, சூரியத் தகடு. ஓசையில்லை, எரிபொருளில்லை, தேய்வதற்கு அசையும் உறுப்புமில்லை. ஆனால் எங்கே பயணம் செய்கிறோம் என்பதே அதன் பலனைத் தீர்மானிக்கும். இலண்டனில் டிசம்பர் இறுதியில் நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து 15 பாகை மட்டுமே எழும். பகலும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் அது 57 பாகை உயரத்தில் நிற்கும். இலண்டனின் யூன் மாத உச்சியே 62 பாகைதான். நல்ல வெயிலுள்ள வெப்ப வலயத்தில் 300 வாற்றுத் தகடு நாளொன்றுக்கு 1,200 வாற்று-மணி வரை தரும். இலண்டன் மாரியில் அதிற் பத்திலொரு பங்கை எதிர்பார்க்கலாம். பாயின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் விளைவு பெரிதும் குன்றும்.

காற்றாடி இரவும் பகலும் சுழலும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள வலு எட்டு மடங்காகும் என்பது இயற்கை விதி. அவ்விதியே எதிர்ப்பக்கமும் வெட்டும். மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் வீசும் காற்றோடு, படகும் அதே திசையில் 6 கடல்மைல் வேகத்தில் ஓடினால், காற்றாடி உணர்வது 14 மட்டுமே. வலு ஏறக்குறைய மூன்றிலொன்றாகச் சுருங்கும். பாய் விரித்துச் சோழகத்தோடு ஓடும் படகுக்கு, பின்னாலிருந்து தள்ளும் காற்று நல்ல நண்பன். அதன் காற்றாடிக்கு அன்று.

அப்போது கைகொடுப்பது நீர்ச்சுழலி. படகின் பின்னே நீரில் அமிழ்ந்து சுழன்று, ஓடும் வேகத்தையே மின்சாரமாக்கும். படகை அது சற்றே பின்னிழுக்கும், பாசி சுற்றும், நங்கூரமிட்டதும் ஓய்ந்துவிடும்.

எஞ்சியது டீசல் இயந்திரம். மின்கலத்தை நிரப்புவதற்கென்றே பெரிய இயந்திரத்தைக் குறைந்த சுமையில் மணிக்கணக்காக ஓடவிடுவது எரிபொருளுக்கும் இயந்திரத்துக்கும் கேடு. ஆயினும் முகிலும் அமைதியும் சேர்ந்து வரும் நாளில் அதுவே இறுதிக் காவல்.

தேம்ஸ் முகத்துவாரத்தில் வார இறுதியில் ஓடுபவருக்குக் கரை மின்சாரமும் சிறு தகடொன்றும் போதும். திருகோணமலையில் மாதக்கணக்கில் நங்கூரமிடுவோருக்குச் சூரியத் தகடே அரசு. 2024 ஒக்ரோபர் முதல் 2025 மே வரை புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் தோழி தில்னாவும் இந்தியக் கடற்படையின் தாரிணியில் உலகைச் சுற்றி வந்தனரே, அத்தகைய தென்கடற் பயணத்துக்கு ஒரு மூலத்தை மட்டும் நம்புவது துணிவன்று, அசட்டுத்தனம். பெருங்கடல் கடப்போருக்குத் தகடும் நீர்ச்சுழலியும் முதன்மையாகவும், டீசல் துணையாகவும் இருத்தல் நன்று என்பது எமது கருத்து.

மறுவாரம் வகுப்பில் மேற்கூறிய பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, 110 அம்பியர்-மணிக்குள் அடக்குமாறு மாணவரைக் கேட்டோம். தானியங்கிச் சுக்கானை நிறுத்தி முறைவைத்துச் சுக்கான் பிடிப்போம் என்றனர் சிலர். இரவிலே தூங்குவது யார் என்று வாதம் எழுந்தது. ஈற்றில் ஒரு சிறுமி எழுந்து வந்து குளிர்சாதனப் பெட்டியை அழித்துவிட்டாள். கணக்குச் சரியாயிற்று. அப்படியானால் தயிருக்கு என்ன செய்வது என்று பின்வரிசையிலிருந்து ஒரு தாயார் கேட்டார்.