ஒரு தட்டில் இரு முறைமைகள்

வீட்டுக் கணினியொன்றில் விண்டோசு, லினக்சு எனும் பணிசெயல் முறைமைகள் இரண்டும் ஒருங்கே உறைதல் கூடும். அதற்கு வேண்டுவது இரு வன்றட்டுக்களல்ல. ஒரு தட்டில் இடப்படும் எல்லையே. அவ்வெல்லை யாண்டுளது? பழைய முறைப்படி, தட்டின் முதற்கூறாகிய 512 பைற்றுக்களுள் 64 பைற்று அளவினதாகிய அட்டவணையொன்று உண்டு. நான்கு பிரிவுகளின் தொடக்கமும் நீளமும் வகையும் அதனுள் அடங்கும். காணிக்கு உறுதி எவ்வாறோ, தட்டுக்கு அஃது அவ்வாறென்க. உறுதி அழியின் நிலம் அழியாது. எனினும் எல்லை கூறுவார் இலர். பின்வந்த ஜீ.பீ.ரி. முறை அட்டவணையின் படியொன்றைத் தட்டின் இறுதியிலும் பேணுவது போற்றத்தக்கதே.

ஆயினும், உள்ள பிரிவைச் சுருக்குங்கால் அட்டவணையைத் திருத்துதல் மட்டும் போதாது. புதிய எல்லைக்கு அப்பாற் கிடக்கும் கோப்புக்களை முன்னரே உள்ளே நகர்த்தல் வேண்டும். இடையில் மின்சாரம் தடைப்படின் அவை சிதைதலுங் கூடும். ஆதலின், வேறொரு தட்டிற் படியெடுத்து வையாது இதிற் கைவைத்தல் தகாது.

விண்டோசை முன்னும் லினக்சைப் பின்னும் நிறுவுதலே வழக்கு. பழைய முறையில், பின்வரும் விண்டோசு தொடக்க நிரலைக் கேளாமலே மாற்றிவிடும். லினக்சுடன் வரும் கிரப் எனும் நிரலோ இரண்டையும் பட்டியலிட்டு, எதனைத் தொடங்குவதென வினவ வல்லது. விண்டோசை முற்றாக நிறுத்தாது உறக்கநிலையில் விட்டு, லினக்சிலிருந்து அதன் பிரிவில் எழுதுவோர் தம் கோப்புக்களைத் தாமே கெடுப்பர்.